மார்ட்டின் மாமா தலையாட்டிய இடம்

போன சனிக்கிழமை மகளோடு டார்னெய்ட்டில் உள்ள ஹார்ட்வெயார் கடைக்குப் போயிருந்தேன். அவள் தன் புது வீட்டு மதிலுக்குப் பெயின்ட் வாங்க வந்தவள். நான், அவள் பிழையான பெயின்ட்டை வாங்கிவிடக்கூடும் என்று பயந்து கூடப் போனவன். பெயின்ட் அடுக்கியிருந்த வரிசையின் முடிவில் யாரோ ஒரு போத்தலைத் தவறவிட்டிருந்தார்கள். தரையெல்லாம் ஸ்பிரிட். மணம் மூக்கில் ஏறியதும் நான் வண்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"அப்பா, ஆர் யூ ஓகே?"

"ஓம், ஓம். நாங்கள் மற்றப் பக்கத்தாலை போவம்."

"இட்ஸ் ஜஸ்ட் மெத்ஸ், அப்பா."

வெறும் மெத்ஸ்தான், ஸ்பிரிட்டுக்கு இங்கே அதுதான் பெயர். ஆனால் அந்த மணம் வந்தால் எனக்கு ஃபிடில் சத்தம் கேட்கும். இதை மகளுக்குக் கடைக்குள் நின்று விளங்கப்படுத்த முடியவில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் பொறுமையான ஆள்.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் கொபேர்க்கில் ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. கோயில் என்றால் மாதா கோயில். மன்னாரில் நாங்கள் அதையும் கோயில் என்றுதான் சொல்வோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குச் சான்றிதழ் கேட்காமல் திறப்புக் கோர்வையைத் தூக்கிக் கொடுத்தார் பங்குத் தந்தை. அந்த நம்பிக்கையே எனக்குப் பெரிய தலையிடியாகிவிட்டது. மண்டபத்தைப் பூட்டிவிட்டு ட்ராம் தரிப்புவரை வருவேன். பூட்டினேனா? திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்ப்பேன். பூட்டித்தான் இருக்கும். அதற்குள் ட்ராம் போயிருக்கும். குடியிருந்ததோ நகரத்தின் மறுகோடியில், ஸ்பிரிங்வேலில். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தண்ணீர்க் குழாயை மூடினேனா என்று யோசிப்பேன்.

மண்டபத்துக்குத் தனி மணம் ஒன்று இருந்தது. தரைக்குப் பூசும் மெழுகும், பெரிய கேத்தலில் கொதித்துக் கறுத்த தேயிலையும் சேர்ந்த மணம். புதன்கிழமைகளில் அதோடு இன்னொன்றும் சேரும். அன்று பின்னேரம் அயர்லாந்துக்கார முதியவர்கள் கூடுவார்கள். ஃபிடில் பெட்டிகளைத் திறந்து, வில்லுக்குக் குங்கிலியம் போலொரு பிசினைத் தேய்ப்பார்கள். வெள்ளைத் தூள் தரையெல்லாம் கொட்டும். அதைக் கூட்டுவதற்காக நான் ஓர் ஓரத்தில் காத்துக்கொண்டிருப்பேன். காத்துக்கொண்டிருந்ததால்தான் கேட்டேன். இல்லாவிட்டால் எனக்கும் இசைக்கும் என்ன?

அங்கேதான் நோரா அன்ரியைப் பழக்கம். எழுபது தாண்டியவர், மெலிந்த உடம்பு. யாரும் தன்னை இத்தனை காலம் அன்ரி என்று கூப்பிட்டதில்லை என்பார்; உடன்பிறந்தவர்களும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. விரல்கள் முடங்கிப் போனதால் வாசிப்பதை விட்டிருந்தார். மற்றவர்கள் வாசிக்கும்போது பிழை பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எத்தனையோ வருடமாக என் தலைக்குள் அவர் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"அன்ரி, வயலினும் ஃபிடிலும் ஒண்டுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமான் ஒண்டுதான். கதிரையில நிமிர்ந்திருந்து வாசிச்சா வயலின். குசினிக்குள்ள காலாலை தட்டிக்கொண்டு வாசிச்சா ஃபிடில்."

அவருடைய நாட்டில், மேற்குக் கரையில், ஆட்டமெல்லாம் வீட்டுக் குசினியில்தானாம். சமையல் மேசையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு ஆடுவார்களாம். ஆட்டத்துக்கு வாசிக்கும் மெட்டுகளில் வேகமான ஒன்றுக்கு ரீல் என்று பெயர். சொல் கிடையாது. இரண்டு பகுதி, ஒன்று கீழே நடக்கும், மற்றது மேலே ஏறும். ஒரு சுற்று முடிய அரை நிமிடம். முடிந்த இடத்திலேயே திரும்பத் தொடங்கும். முதல் மாதம் எனக்கு எல்லா ரீலும் ஒன்றுதான். ஐந்தாறு மாதத்தில் ஒன்றை மட்டும் அடையாளம் காணப் பழகினேன். அதன் பெயரை நான் தமிழில் 'ஹன்லன் வீட்டுப் படலை' என்று வைத்துக்கொண்டேன்.

ஹன்லன் என்பவரின் வீட்டு வாசற்படலை கிரீச்சிடுமாம். சத்தமில்லாத வீட்டுக்குள் ஒருவர் நடந்து வந்தால் வருகிறவருக்குக் கூச்சம் என்று, படலை கிரீச்சிட்டதும் ஃபிடில்காரர் அந்த ரீலைத் தொடங்குவார். வருகிறவர்கள் ஆட்டத்துக்குள் நேரே நடந்து வந்துவிடலாம். எனக்கு இது பிடித்துப் போயிற்று. வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று பத்துத் தரம் யோசிக்கிறவன் நான்.

அந்த ரீலை முதன்முதல் இசைத்தட்டில் வாசித்தவர் நோரா அன்ரியின் தாயின் தம்பி, மார்ட்டின். எனக்கும் மார்ட்டின் மாமாவாகிவிட்டார். நியூயோர்க்குக்குப் போய் ட்ராமில் கொண்டக்டராக வேலை செய்தவர். வந்தேறிய ஆட்களுக்கு அவரவர் ஊர்ப் பாட்டைத் தட்டில் போட்டு விற்றால் காசு வரும் என்று இசைத்தட்டுக் கொம்பனிகள் கண்டுபிடித்திருந்த காலம் அது. ஆட்டக் கொட்டகையில் வாசித்துக்கொண்டிருந்த மார்ட்டின் மாமாவை ஒரு கொம்பனி கூப்பிட்டது.

"ஒரு சின்ன அறை," என்று நோரா அன்ரி சொல்லுவார். நான் துடைப்பத்தில் சாய்ந்து நின்று கேட்பேன். "சுவரிலை பெரிய புனல். அதுக்குள்ள வாசிக்க வேணும். அங்காலை மெழுகிலை ஊசி வெட்டிக்கொண்டு போகும். மூண்டு நிமிசம்தான் இடம். பியானோ வாசிக்க ஒருத்தனைப் பிடிச்சுக்கொண்டு வந்து விட்டவங்கள். அவன் அந்த ரீலை முதல்முதல் கேட்டதே அங்கைதான். பாவம், ஒரே ரெண்டு கட்டையைக் கடைசிமட்டும் அடிச்சிருக்கிறான்."

நேரம் முடியப் போகிறது என்பதைக் காட்ட, கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஆள் கையை உயர்த்தினார். கடைசிச் சுற்று, மேலே ஏறும் பகுதி. மார்ட்டின் மாமாவின் ஊரில் தெருவில் யார் கையை உயர்த்தினாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் மரியாதை கெட்டவன் என்று பெயர் வந்துவிடும். மார்ட்டின் மாமா தலையாட்டினார். நாடிக்குக் கீழே இருந்த ஃபிடில் அசைந்தது. வில் சறுக்கி, ஒரு தாளம் விட்டுப்போய், அடுத்த இரண்டு சுரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தரம் வாசிக்கிறேன் என்று கேட்டாராம். ஒரு கொண்டக்டருக்காக இரண்டாவது மெழுகைச் செலவழிக்கக் கொம்பனி தயாராக இல்லை.

தட்டு தபாலில் அயர்லாந்துக்கு வந்தது. கம்பளித் துணியில் சுற்றி, பிஸ்கற் தகரத்துக்குள். கூடவே கடிதம்: 'கடைசிச் சுற்று வரேக்கை எல்லாரும் காதைப் பொத்துங்கோ.' பொத்துவார்களா? கடைசிச் சுற்றுக்காகவே ஊர் திரண்டது. அந்த இடம் வரும்போது நோரா அன்ரியின் தாய் தன் தம்பிக்குத் திருப்பித் தலையாட்டுவாராம். பிறகு வீட்டில் எல்லோரும் தலையாட்டத் தொடங்கினார்கள். மார்ட்டின் மாமா நியூயோர்க்கிலேயே இறந்துபோனார். திரும்பி வரவும் இல்லை, இன்னொரு தட்டு வாசிக்கவும் இல்லை.

"அவரின்ரை படம் இருக்குத்தானே அன்ரி?"

"இருக்கு. படத்திலை தலை அசையாதே!"

அந்தத் தட்டை மெல்பேர்னுக்குக் கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் நோரா அன்ரி. வருடத்தில் ஒரேயொரு நாள், அவர்கள் நாட்டுப் புனிதர் பத்திரிசியாரின் திருநாளுக்கு, மண்டபத்தில் அதைப் போடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது திருநாள் வந்தபோது, அது சனிக்கிழமை என்று நினைவு, நோரா அன்ரி வியாழக்கிழமையே தட்டைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். மழை வரப்போகிறது, விரல்களில் பிடிமானம் இல்லை, வழியில் விழுத்திவிடுவேன் என்றார்.

"கவனம், பெடியா. இது போச்சுதெண்டா மார்ட்டின் மாமா ரெண்டாந்தரம் செத்த மாதிரி."

இப்படிச் சொல்லிவிட்டு ஒரு பொருளை என் கையில் தரலாமா? இரண்டு கையாலும் ஏந்தி, மேடைக்குப் பக்கத்து அலுமாரிக்குள் வைத்தேன். பூட்டினேன். பூட்டினேனா என்று பார்க்கத் திறந்தேன். திறந்தபோதுதான் தட்டைச் சரியாகப் பார்த்தேன். உறைக்கு வெளியே எடுத்தால் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். இதையா நாளன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் போடப் போகிறார்கள்? அன்ரிக்கு வெட்கமாகப் போய்விடுமே. துடைப்பவன் நான் இருக்கும்போது?

தண்ணீர் பட்டால் நடுவில் உள்ள கடதாசி ஊறிவிடும் என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அதனால் ஸ்பிரிட்டை எடுத்தேன். மண்டபத்தில் ஸ்பிரிட்டால் போகாத அழுக்கே இல்லை. யன்னல் கண்ணாடி, மெழுகுதிரித் தண்டு, தரையில் கொட்டிய மை எல்லாவற்றுக்கும் அதுதான். பழைய பனியன் துணியை நனைத்து வட்டமாகத் துடைத்தேன். துணி கறுத்தது. எத்தனை வருடத்து ஊத்தை! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. துணியை மடித்து மற்றப் பக்கத்தால் துடைத்தேன். அதுவும் கறுத்தது. மூன்றாவது துணியும் கறுத்தபோதுதான் ஒரு தட்டில் ஊத்தை இவ்வளவு இருக்குமா என்று யோசித்தேன்.

மினுங்கிக்கொண்டிருந்த கறுப்பு, சாம்பல் நிறமாகியிருந்தது. பெருவிரலால் தொட்டேன். ஒட்டியது. விரலை எடுத்தபோது என் ரேகை தட்டில் இருந்தது. கோடு கோடாக ஓடிய மார்ட்டின் மாமாவின் ரீலின் மேல் என் பெருவிரல்.

பிறகுதான் தெரியும், அந்தக் காலத்துத் தட்டுகளில் அரக்கு கலந்திருக்கும், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்று. தபால் கந்தோரில் பொதிக்கு உருக்கி வைப்பார்களே, அதே சாமான். நான் துடைத்தெடுத்தது ஊத்தையை இல்லை.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தேன். மனைவி ரெஜினா முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா, வேலை போயிட்டுதோ?"

சொன்னேன். வேலை போகும், பொலிஸ் வரும், விசாவை நிறுத்துவார்கள், திருப்பி அனுப்புவார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"றெக்கோட் துடைச்சதுக்கு ஆரப்பா நாடு கடத்துறது? அந்த மனுசியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

"பூஞ்சணம் தின்னுட்டுது எண்டு சொன்னா?"

"உங்களுக்குப் பொய் வராது. சொல்லத் தொடங்கவே மூக்கு வேர்க்கும். உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. சோத்தைத் தின்னுங்கோ."

வெள்ளிக்கிழமை காலை நோரா அன்ரியின் ஃபிளாட் வாசலில் நின்றேன். எத்தனை நேரம் என்று கேட்காதீர்கள். அவரே பால் போத்தல் எடுக்கக் கதவைத் திறந்தபோது நான் தட்டை நீட்டினேன். அவர் அதை யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார்.

"எதாலை துடைச்சனி?"

"ஸ்பிரிட்டாலை, அன்ரி."

"விஸ்கியாலை துடைச்சிருந்தா மாமா மன்னிச்சிருப்பார்."

சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார், அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திருநாளுக்கு அவர் வரவில்லை. அடுத்த புதன்கிழமையும், அதற்கடுத்த புதனும் இல்லை. மற்றவர்கள் வாசித்தார்கள், நான் வெள்ளைத் தூளைக் கூட்டினேன். நோரா அன்ரியின் கதிரையை ஒருவரும் இழுத்துப் போடவில்லை. நானும் அதை அடுக்கிலேயே விட்டேன்.

இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்கும் என்று தேடத் தொடங்கினேன். வேலை முடிந்த பிறகு கொபேர்க்கின் சிட்னி ரோட் நெடுகப் பழைய சாமான் கடைகளுக்குள் ஏறி இறங்கினேன். பழைய தட்டுகளைக் கிளறிக் கிளறி நகமெல்லாம் கறுத்தது. ஒரு கடைக்காரர் இரங்கி, சன்ஷைனில் கென் என்று ஒருவர் இருக்கிறார், இந்தக் குப்பையெல்லாம் அவரிடம்தான் போகும் என்று விலாசம் எழுதித் தந்தார்.

கென், ரெயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, கூரைவரை தட்டுகள். நான் ரீலின் பெயரைச் சொன்னதும் நெற்றியைச் சொறிந்தார்.

"மார்ட்டின் வாசிச்சதோ? அதை நான் பட்டியலிலைதான் கண்டனான். கையாலை தொட்டதில்லை." ஏணியில் ஏறினார். "ஆனா அவருக்குப் பிறகு சிக்காகோவிலை ஒருத்தன் அதே ரீலை வாசிச்சிருக்கிறான். அது இருக்கு. விக்கமாட்டன். வேணுமெண்டா வந்து கேளுங்கோ."

திரும்பவும் நோரா அன்ரியின் வாசல். இந்தத் தரம் கதவு திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"வேறை ஆரின்ரையோ வாசிப்பைக் கேட்டு நான் என்ன செய்யிறது?" என்றது குரல்.

"தெரியாது, அன்ரி. ஆனா நீங்கள் வராட்டி நான் இதிலையேதான் நிப்பன். எனக்கு நிண்டு பழக்கம்."

கொஞ்ச நேரத்தில் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் நான் வாங்கியிருந்த பழைய வான் வண்டியில் முன் இருக்கைக்குக் கீழே வாளி உருண்டுகொண்டிருந்தது. சன்ஷைன் போகும்வரை அதைக் காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பிழையான தெருவில் திரும்பிவிட்டேன் என்று மூன்று தரம் நினைத்தேன். ஒரு தரம் உண்மையாகவே திரும்பியிருந்தேன்.

கென் ஊசியை வைத்தார். முதலில் சரசரப்பு. பிறகு ஃபிடில்.

"ஓடுறான்," என்றார் நோரா அன்ரி. "ஆரோ கலைக்கிற மாதிரி ஓடுறான். எங்கடை மாமா நடப்பார்."

இந்த மனுஷியை இதற்காகவா இழுத்து வந்தேன்? கீழ்ப் பகுதி முடிந்தது. மெட்டு மேலே ஏறியது. ஏறிய இடத்தில் வில் சறுக்கியது. ஒரு தாளம் விட்டுப்போய், இரண்டு சுரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது.

நோரா அன்ரியின் தலை ஆடிவிட்டது. ஆடிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. என்னைப் பார்த்தார். இரண்டாவது சுற்று, அதே இடம், அதே சறுக்கல். மூன்றாவது சுற்றிலும் அதே. மார்ட்டின் மாமா ஒரேயொரு தரம் விட்ட பிழையைச் சிக்காகோக்காரர் தட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி, அது மெட்டுத்தான் என்று நினைத்து, ஒவ்வொரு சுற்றிலும் வாசித்திருக்கிறார்.

"அது அவன்ரை ஸ்டைல்," என்றார் கென். "நல்ல சோக்கான இடம்."

"ஸ்டைலோ!" நோரா அன்ரி கையுறையால் கண்ணைத் துடைத்தார். சிரித்தாரா அழுதாரா என்று நான் இன்றுவரை சத்தியம் செய்யமாட்டேன். "எங்கடை மாமா இதை நினைச்சு நினைச்சு வெக்கப்பட்டே செத்தவர். இந்த விசரன் அதைக் காசு குடுத்து வாங்கிப் படிச்சிருக்கிறான். திருப்பிப் போடுங்கோ, கென்."

கென் திருப்பிப் போட்டார். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. கடைசியில் மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். கென்னுக்குக் கதையைச் சொன்னதும் தட்டைக் கையில் எடுத்து, தனக்குப் புதிதாகக் கிடைத்தது போல் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் சந்தியில் ஒருவருக்கு வழிவிட்டேன். அவர் நன்றிக்குக் கையை உயர்த்தினார். நானும் அன்ரியும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

"இனி என்ரை சாமான் ஒண்டையும் துடைக்காதை," என்றார் இறங்கும்போது. "புதன்கிழமை வாறன். கதிரையை எடுத்துப் போடு."

சில வருடம் வந்தார். பிறகு ஒரு குளிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டார். மண்டபத்தை விற்று, அந்த இடத்தில் ஆறு மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள்; வாசலில் எண் அமத்தும் பூட்டு, இழுத்துப் பார்க்கத் தேவையில்லாத பூட்டு. கென் முதியோர் இல்லத்துக்குப் போனபோது கொட்டகையை யாரோ வந்து வெறுமையாக்கினார்களாம். எனக்குத் தெரிய வந்தது பிந்தித்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். லொறி ஒன்று வந்தது, அவ்வளவுதான் தெரியும் என்றாள். அந்தத் தட்டு எங்கே என்று யாரிடம் கேட்பது?

நேற்று மகளிடம் ரீலின் ஆங்கிலப் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். கைபேசியில் இத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அயர்லாந்தில் ஒரு பெண், ஜப்பானில் ஓர் இளைஞர், இங்கே மெல்பேர்னிலேயே ஒரு குழு. ஒவ்வொருவரும் என்ன அழகாக வாசிக்கிறார்கள்! மேலே ஏறும் பகுதி வரும்போதெல்லாம் என் கழுத்து தலையாட்டத் தயாராகிவிடும். பதினான்கு பேரைக் கேட்டேன். ஒருவருக்கும் வில் சறுக்கவில்லை. எல்லோரும் பிழையில்லாமல் வாசிக்கிறார்கள்.